தொட்டிலில் பேசி வைத்தது

ஐரோப்பாவில் நாலு மந்திரிகள் கூடிக் காப்பி குடித்தால், திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் செண்பகவல்லிக்குத் தூக்கம் கெடும். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் புருஷன் பிரஜினோடு போனில் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டவர்களுக்குச் சிரிப்பு வராது.

பிரஜின் இருந்தது வடகடலோரத்தில் ஒரு சின்ன நாடு. பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? இந்த விஷயத்தில் அங்கே எல்லா நாடும் ஒன்றையொன்று பார்த்துத்தான் சமைத்துக்கொண்டிருந்தன. விழிஞ்ஞத்தில் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரஸர் மெக்கானிக்காக இருந்தவனுக்கு அந்த ஊர்த் துறைமுகத்தில் மீன் கிடங்கு ஒன்றில் வேலை கிடைத்தது. ஒரு வருடம் கழிந்தால் பெண்டாட்டியைக் கூட்டிக்கொள்ளலாம் என்றுதான் சொல்லி அழைத்தார்கள். வருடம் முடிவதற்குள் அந்த நாட்டுக்கு ஒரு கவலை வந்துவிட்டது. வெளியிலிருந்து வந்து குடியேறுகிறவர்கள் நம்மோடு ஒட்டமாட்டேன் என்கிறார்களே, அவர்களை எப்படி ஒட்டவைப்பது என்கிற கவலை. பக்கத்து நாட்டுக்கும் அதே கவலை, அதற்கும் பக்கத்து நாட்டுக்கும் அதே கவலை.

அதனால் மந்திரிகள் வருடத்துக்கு ஓர் ஊரில் கூடினார்கள். உங்கள் நாட்டில் என்ன செய்கிறீர்கள், எங்கள் நாட்டில் இப்படிச் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டார்கள். ஒத்துழைப்பு என்று அதற்குப் பெயர். சம்பந்தி வீட்டில் மூன்று பாயசம் என்று கேள்விப்பட்டால் நம் வீட்டில் நாலு வைக்கிறோம் அல்லவா, அந்தக் கதைதான். ஒரு நாடு போட்ட சட்டத்தை அடுத்த நாடு வாங்கிக்கொண்டு, தன் பங்குக்கு ஒரு கரண்டி கூடுதலாகவும் ஊற்றியது.

முதலில் மொழி வந்தது. வருகிறவள் வருவதற்கு முன்பே அவர்கள் மொழியைப் பேச வேண்டுமாம். அதைச் சொல்லிக்கொடுக்கத் திருவனந்தபுரத்தில் ஆள் ஏது? பிரஜின் சிடி அனுப்பினான். செண்பகவல்லி அதைப் போட்டுவிட்டு, 'எனக்கு ஒரு பாட்டில் பால் வேண்டும்', 'பேருந்து நிலையம் எந்தப் பக்கம்' என்று மாதக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தாள். தொண்டையைக் காறுகிற மாதிரி அதில் ஓர் ஒலி உண்டு. பிறந்த வீட்டில் இருந்துகொண்டு அவள் படிக்கும்போதெல்லாம் அம்மா பகவதியம்மாள் சுக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். அப்படியும் இப்படியும் பரீட்சை தேறியது. உடனே, பெண்டாட்டியை அழைக்கிறவனுடைய வீடு இத்தனை அளவாவது இருக்க வேண்டும் என்று வந்தது. இன்னொரு நாட்டில் அப்படி ஒரு சட்டம் இருக்கிறதாம், நல்ல யோசனையாகத் தெரிந்ததாம். பிரஜின் இருந்த இடத்தைக் காலிசெய்து, கிடங்கிலிருந்து வெகுதூரம் தள்ளிப் பெரிய வீடாகப் பார்த்துக் குடிபோனான். பனியில் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகிறேன் என்று சொன்னான். இரண்டும் முடிந்தது, இனி டிக்கெட்தான் என்று அவள் பெட்டி வாங்கிவைத்த வாரம் மூன்றாவது வந்தது.

"சொந்தத்துக்குள்ள கல்யாணம் கழிச்சவங்களைத் தனியா விசாரிக்கணும்னு புதுசா ஒண்ணு வந்திருக்கு வல்லி," என்றான் பிரஜின். அவன் அப்பா மலையாளி. தமிழ் பேசினாலும் இழுப்பெல்லாம் மலையாளம். "அடுத்த மாசம் டெல்லியில இருந்து ஆபீசர் அங்கே வருவாங்க. இன்டர்வியூ உண்டு. நீ பேடிக்கண்டா, உள்ளதைச் சொன்னா மதி."

"எனக்கென்ன பயம் அத்தான்? சொந்தம்னா நல்லதுதானே," என்றாள் செண்பகவல்லி.

அவள் அதை மனசார நம்பித்தான் சொன்னாள். அத்தை மகனைக் கட்டிக்கொண்டவளை எந்த ஊரிலாவது குறை சொல்வார்களா? முறை என்றால் முறைதான். ஊர்பேர் தெரியாதவனைப் பிடித்துக்கொண்டு வந்தால் அல்லவா விசாரணை வேண்டும் என்று நினைத்தாள்.

ஆனால் உள்ளதைச் சொன்னால் போதும் என்று அவன் சுலபமாகச் சொல்லிவிட்டான். அவள் கல்யாணத்தைப் பொறுத்தவரை 'உள்ளது' இரண்டு இருந்தது.

நடந்தது ஒன்று. அவள் அப்பா தாணுமாலயனுக்குச் சாலைக் கடைத்தெருவில் வாழையிலைக் கடை. விடிவதற்கு முன்னால் தெற்கேயிருந்து லாரியில் இலைக்கட்டு வந்து இறங்கும். நகரத்தில் பாதிக் கல்யாணப் பந்திக்கு அவர் கடை இலைதான். யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே சம்பந்தம், எந்த மண்டபத்தில் எத்தனை பந்தி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவருடைய தங்கை ஓமனா, இலை லோடு கொண்டுவந்த மலையாளி டிரைவரோடு போய்விட்டாள். அவர் தங்கையைத் தலைமுழுகினார். பேச்சுக்குச் சொல்வதில்லை, நிஜமாகவே கரமனை ஆற்றில் போய் முழுகிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் வீட்டில் ஓமனா என்கிற பெயரை யாரும் எடுத்ததில்லை.

பகவதியம்மாள் மட்டும் வருடத்துக்கு ஒரு நாள் நாத்தனாரைப் பார்த்துவந்தாள். ஆற்றுகால் கோயில் பொங்கலன்று தெருவெங்கும் பெண்கள் அடுப்பு மூட்டியிருக்கும் கூட்டத்தில், யார் பக்கத்தில் யார் பானை வைத்தார்கள் என்று எந்த ஆண்பிள்ளைக்குத் தெரியும்? ஒரு வருடம் ஓமனாவுக்கு அடுப்புக் கூட்டச் செங்கல் சுமந்துகொண்டு மகன் பிரஜின் வந்தான். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த செண்பகவல்லி ஏறிட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான். அடுத்த பொங்கலுக்குச் செங்கல் தேவைக்கு அதிகமாகவே வந்தது.

விஷயம் தெரிந்ததும் தாணுமாலயன் பேயாட்டம் ஆடினார். அவளை அடித்தார். கடைக்குப் பின்னால் இலைக்கட்டு அடுக்கும் கிட்டங்கியில் போட்டுப் பூட்டினார். செண்பகவல்லி இலைக்கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஏறி, கூரை ஓட்டைப் பிரித்து, மதில்மேல் வந்து குதித்தாள். கணுக்கால் பிசகியது. அந்தக் காலோடு விழிஞ்ஞம் பஸ்ஸில் ஏறிப்போய், மறுநாள் ரெஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டாள். மழைநாளில் இன்றைக்கும் அந்தக் கால் வலிக்கும். வலிக்கும்போதெல்லாம் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

இரண்டாவது உள்ளது, தாணுமாலயன் உண்டாக்கியது. மகள் போன பிறகு அவர் மூன்று மாதம் யார் முகத்தையும் பார்க்காமல் இலையை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் எதிர்க்கடை ஐயப்பன் கூட்டத்தில் வைத்து, "அண்ணாச்சி, ஊருக்கெல்லாம் இலை குடுக்கேரு, உம்ம மவ கல்யாணத்துக்கு ஒரு துண்டு இலை போடல்லியே," என்று கேட்டுவிட்டான். தாணுமாலயனுக்கு எங்கிருந்துதான் அந்த வார்த்தை வந்ததோ.

"யாருல ஓடிப்போனா? எனக்க தங்கச்சி மவன்லா அவன்! ரெண்டும் தொட்டில்ல கிடக்கும்போதே பேசி வச்ச பந்தம். ஜாதகத்துல ஒரு தோஷம், அதனால சத்தமில்லாம முடிச்சோம். பந்தி வருகு, நீயும் வந்து திண்ணுட்டுப் போ!"

வாயிலிருந்து விழுந்த பொய்யை இனி எடுத்து உள்ளே வைக்க முடியுமா? தொட்டிலில் பேசி வைத்தது என்றால் தங்கையோடு பேச்சுவார்த்தை இருந்திருக்க வேண்டும். தங்கையைப் போய் அழைத்தார். ஓமனா வாசலில் நின்று அழுதாள், அவரும் அழுதார். இலை போட்டு ஊரைக் கூட்டிப் பந்தி நடத்தினார். ஒரு பொய் அந்தக் குடும்பத்தைத் திரும்ப ஒட்டவைத்தது. மந்திரி ஒருவரும் கூடாமலே ஒட்டியது. அதனால் அந்தப் பொய்யை வீட்டில் எல்லோரும் பூப்போல வைத்துக் காத்தார்கள். நாளாக நாளாகச் செண்பகவல்லிதான் அதை எல்லோரையும்விட அழகாகச் சொல்லுவாள். தொட்டிலுக்குக் கிளிப்பச்சைச் சாயம் என்பதுகூட அவள் சேர்த்ததுதான்.

இன்டர்வியூ வெள்ளயம்பலத்தில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் நடந்தது. அதிகாரி உயரமான பெண், சாந்தமான முகம். செண்பகவல்லிக்கு அவளைப் பிடித்திருந்தது. மொழிபெயர்க்க ஒரு மலையாளிப் பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார்கள். அங்கேதான் வினையே.

"ஐயோ, இலைக்கடை அண்ணாச்சிக்க மோளல்லே? நான் கரமனை ஷிஜா. எனக்க கல்யாணத்துக்கு உங்க இலைதான் சேச்சி," என்று அவள் ஆசையாகக் கையைப் பிடித்தாள்.

ஷிஜாவுக்குத் தெரிந்தால் கரமனைக்குத் தெரியும். கரமனைக்குத் தெரிந்தது சாயங்காலத்துக்குள் சாலைக்கு வந்துவிடும். செண்பகவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

உங்கள் கணவரை எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்டாள்.

"அத்தை மகன். நான் தொட்டில்ல கிடக்கும்போதே எங்க அப்பா பேசி வச்சது."

அதிகாரியின் பேனா நின்றது. இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று உங்களால் சொல்லியிருக்க முடியுமா?

செண்பகவல்லி சிரித்தேவிட்டாள். "முறை மாப்பிள்ளையை யாராவது வேண்டாம்னு சொல்லுவாங்களா?"

அதிகாரி குரலை இன்னும் தணித்துக்கொண்டு கேட்டாள். உங்களுக்கு விருப்பம் இருந்ததா? உங்களுக்கு மட்டும்?

அவள் பிறந்ததிலிருந்து அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அப்பா கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, ரெஜிஸ்டர் ஆபீசில்கூட வயதைத்தான் கேட்டார்கள். ஷிஜா கண்ணை விரித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். "பெரியவங்க பார்த்து முடிவு செய்ததுல எனக்கு என்ன தனி விருப்பம்? அவங்க விருப்பம்தான் என் விருப்பம்," என்றாள் செண்பகவல்லி. நல்ல பெண் சொல்லவேண்டிய பதிலைத் தப்பில்லாமல் சொல்லிவிட்டோம் என்று நிம்மதியாகவும் இருந்தது.

புறப்படும்போது அதிகாரி அவள் கையில் ஒரு சின்ன அட்டையைத் திணித்தாள். நல்ல மனசு, பார்ட்டிக்குக் கூப்பிடுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டு செண்பகவல்லி ஆட்டோவில் ஏறிய பிறகுதான் அதைப் படித்தாள். வீட்டில் கொடுமைக்கு ஆளாகும் பெண்கள் எந்த நேரத்திலும் கூப்பிடலாம் என்று மலையாளத்தில் போட்டு ஒரு போன் நம்பர் இருந்தது.

அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றில் பிரஜின் கத்தினான். அவன் கத்தி அவள் அதற்கு முன்பு கேட்டதில்லை.

"நீ எந்தினு வல்லி அப்படிச் சொன்னே? இங்கே முடிவு வந்தாச்சு. சொந்தத்துக்குள்ள கல்யாணம்னா பெண்ணைக் கட்டாயப்படுத்திக் கெட்டிவச்சதுன்னு இங்கத்த சட்டம் முதல்லயே எடுத்துக்கும். இல்லைன்னு நாமதான் காட்டணும். நீ போயி தொட்டில், முறை, பெரியவங்கன்னு அவங்க கேட்க நினைச்சதெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கே!"

"கட்டாயப்படுத்தினதா? என்னையா?"

"உன்னைத்தான். உன்னை என்கிட்டேயிருந்து ரட்சிச்சிருக்காங்களாம்."

செண்பகவல்லிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஓட்டைப் பிரித்தவள் அவள். மதிலேறிக் குதித்தவள் அவள். அவளைப் பார்த்துக் கட்டாயக் கல்யாணம் என்று ஐரோப்பாவே கூடி உட்கார்ந்து பரிதாபப்படுகிறது! பெண்கள் தங்கள் விருப்பப்படி வாழ்ந்தால்தான் ஊரோடு ஒட்டுவார்களாம், அதற்காகப் போட்ட சட்டமாம். அவள் விருப்பப்பட்டதோ ஒரே ஒரு மனுஷனை. அவனோடு இருக்க விடமாட்டேன் என்கிறார்கள். இதை எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? மந்திரிகளை நினைத்தாள், அந்தச் சாந்தமான முகத்தை நினைத்தாள், எல்லாவற்றுக்கும் மேல் கிளிப்பச்சைத் தொட்டிலை நினைத்தாள். அழுகைகூட ஒழுங்காக வரவில்லை.

ஒரே ஒரு வழி இருப்பதாகப் பிரஜின் சொன்னான். மறுபடி ஒரு தடவை கேட்பார்கள். பெற்றவர்களே வந்து, நாங்கள் வைத்த கல்யாணம் இல்லை, நாங்கள் எதிர்த்தோம் என்று நேரில் சொன்னால் எடுத்துக்கொள்ளலாம்.

அன்று மத்தியானம் அப்பா சோற்றில் கை வைத்த நேரம் பார்த்து அவள் கேட்டாள். தாணுமாலயன் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"எனக்க வாயால நான் சொல்லணுமா? மவளை அடிச்சேன், பூட்டினேன், அவ ஓடிப்போனான்னு? அதும் கரமனைக்காரிய பக்கத்துல வச்சிக்கிட்டு? சாலையில நான் பின்ன எப்படி மக்ளே நடப்பேன்?"

"நான் எப்படி வாழுவேன்னு கேட்டீங்களாப்பா?"

"ஓமனாக்க முகத்துல எப்படி முழிப்பேன்? தொட்டில்ல பேசினோம்னு சொல்லித்தான் அவளைத் திரும்ப வீட்டுக்குள்ள கேற்றினது. இப்ப அதையும் பொய்யுன்னு சொல்லவா?"

"அத்தைக்குத் தெரியாதா என்ன, பொய்யுன்னு?"

"தெரியும். தெரியுகது வேற, நான் சொல்லுகது வேற."

பகவதியம்மாள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று கையைப் பிசைந்தாள். செண்பகவல்லி கெஞ்சினாள், பட்டினி கிடந்தாள், பேசாமல் இருந்தாள். எதற்கும் அவர் மசியவில்லை. இரண்டாவது விசாரணை நெருங்கிக்கொண்டிருந்தது. தாணுமாலயன் இலைக்கட்டைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு காலை, லோடு இறங்குகிற நேரத்தில், அவள் கடை வாசலில் போய் நின்றாள். சுமட்டுக்காரர்கள் இருந்தார்கள், சமையல்காரர்கள் இலை எடுக்க வந்திருந்தார்கள், எதிரே ஐயப்பன் பல்குத்திக்கொண்டிருந்தான்.

"அப்பா," என்று உரக்கக் கூப்பிட்டாள். "என்னைப் பூட்டி வச்ச கிட்டங்கி இதுதானே? நான் பிரிச்ச ஓடு அதுதானே? இல்ல, நான் மறந்துட்டேனா? எல்லாரும் கேளுங்க, நான் சொல்லுகேன்."

சுமட்டுக்காரர்களில் ஒருவன் இலைக்கட்டைத் தலையில் வைத்தபடியே நின்றுவிட்டான். தாணுமாலயனின் முகம் போன போக்கை அவளால் பார்க்க முடியவில்லை, ஆனாலும் பார்த்தாள். அவர் கல்லாவிலிருந்து மெதுவாக இறங்கி வந்தார்.

"மதி மக்ளே," என்றார். "வாறேன். நிப்பாட்டு."

விசாரணையன்று அவர் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல வெள்ளை வேட்டி உடுத்து, நெற்றியில் திருநீறு இட்டு வந்தார். அதே அறை. அதே அதிகாரி, அதே சாந்தம். அதே ஷிஜா. "அண்ணாச்சி!" என்று அவள் எழுந்து நின்றாள். அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு உட்கார்ந்தார். செண்பகவல்லியும் கூட இருக்கலாம் என்றார்கள்.

தாணுமாலயன் கேள்விக்காகக் காத்திருக்கவில்லை.

"அம்மா, எழுதிக்கிடுங்க. இந்தக் கல்யாணத்துக்கு நான் சம்மதிக்கல்ல. தொட்டில்ல பேசி வச்சதுன்னு நான் ஊரெல்லாம் சொன்னது பச்சப்பொய். இவ தொட்டில்ல கிடக்கும்போது எனக்க தங்கச்சிய நான் தலைமுழுகியாச்சு. பின்ன யாருட்ட போயி பேசி வைக்க? இவ அவனைத்தான் கெட்டுவேன்னு சொன்னா. நான் அடிச்சேன். இலைக் கிட்டங்கியில போட்டுப் பூட்டுனேன். இவ ஓட்டைப் பிரிச்சு, மதிலேறிச் சாடி, காலு பெசகி, அந்தக் காலோட போயிக் கெட்டுனா. இவளை யாரும் கெட்டிக்குடுக்கல்ல. இவளாட்டு கெட்டுனா. இவளுக்கு வேணும்னு இருந்துது. எனக்கு வேண்டாம்னு இருந்துது. இவ ஜெயிச்சா, நான் தோத்தேன். தோத்ததை மறைக்கத்தான் அந்தத் தொட்டில்."

ஷிஜா மொழிபெயர்க்க வாயெடுத்து நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். பிறகு ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். செண்பகவல்லி குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'இவளுக்கு வேணும்னு இருந்துது.' அப்பா அதைச் சொல்லி அவள் கேட்டுவிட்டாள். விசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இதற்காகவே அவர் காலில் விழலாம் என்று தோன்றியது.

அதிகாரி எழுதி முடித்து நிமிர்ந்தாள். இத்தனை வருடம் சொல்லாததை இப்போது ஏன் சொல்கிறீர்கள்? சொல்லும்படி யாராவது உங்களை வற்புறுத்தினார்களா?

உள்ளதைச் சொல்வது என்று முடிவு செய்துகொண்டு வந்த மனுஷன். பாதி உள்ளதை மட்டும் சொல்லிப் பாதியை மறைக்க அவருக்கு அன்றைக்கு வரவில்லை.

"இவதான் சொல்லச் சொன்னா," என்று மகளைக் காட்டினார். "மாட்டேன்னேன். விடல்ல. கடை வாசல்ல வந்து நின்னு மானத்தை வாங்கிருவேன்னா. அதனால வந்தேன். இல்லாட்டா வந்திருக்க மாட்டேன்."

ஷிஜா செண்பகவல்லியைப் பார்த்தாள். செண்பகவல்லி கண்ணால் வேண்டாம் வேண்டாம் என்றாள். ஷிஜா என்ன செய்வாள்? அதைச் சொல்லத்தானே உட்கார்த்தியிருக்கிறார்கள். சொன்னாள். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டு அதையும் எழுதினாள்.

வெளியே வந்ததும் ஷிஜா தாணுமாலயனின் கையைப் பிடித்து, "ஞான் ஆரோடும் பறயில்ல அண்ணாச்சி," என்றாள். சொன்னபடியே அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதும் இல்லை. கடை வாசலில் செண்பகவல்லி போட்ட சத்தமே சாலைக்குப் போதுமாக இருந்தது. "அண்ணாச்சி, தொட்டிலை வித்தாச்சா?" என்று ஐயப்பன் கேட்டான். தாணுமாலயன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "ஆமா, வித்தாச்சு," என்றார். ஓமனா மட்டும் மறுநாளே விழிஞ்ஞத்திலிருந்து நெத்திலிக் கருவாடு பொதிந்து எடுத்துக்கொண்டு வந்தாள். அண்ணனுக்குத் தானே வறுத்துப் போட்டாள். தொட்டிலைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

முடிவு பிரஜின் கைக்குத்தான் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கத்தவில்லை. களைத்துப்போன குரலில் அந்த மொழியில் படித்து, தமிழில் சொன்னான். வீட்டில் மூன்று பேரும் கேட்கட்டும் என்று செண்பகவல்லி ஸ்பீக்கரைப் போட்டிருந்தாள்.

"முதல் தடவை பெண் தானாகச் சொன்னதைத்தான் நம்புறாங்களாம். ரெண்டாவது தடவை அப்பா சொன்னதை எடுத்துக்க முடியாதாம்."

"ஏன்?"

"அதை அவர் சொந்த விருப்பத்துல சொல்லல்லையாம். வீட்டார் கட்டாயப்படுத்திச் சொல்லவச்சதுன்னு அவர் வாயாலேயே ஒப்புக்கிட்டாராம்."

செண்பகவல்லி அப்பாவைப் பார்த்தாள். இந்தக் கல்யாண விஷயத்தில் முதலிலிருந்து கடைசி வரை கட்டாயப்படுத்தப்பட்ட ஆள் ஒருவர்தான். அவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். கட்டாயப்படுத்தியது அவள். மந்திரிகள் இத்தனை கூட்டம் கூடிக் கண்டுபிடித்ததில் இது ஒன்றுதான் சரி. அதை நினைக்க அவளுக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"இன்னொரு அப்பீல் உண்டு வல்லி," என்று பிரஜின் சொல்லிக்கொண்டிருந்தான். "வர்ற வருஷம் மந்திரிமார் வேற ஊர்ல கூடுறாங்க. சொந்தத்துக் கல்யாணத்தைப் பத்தி மறுபடியும் ஆலோசிப்பாங்கன்னு இங்கே ஒரு வக்கீல் சொல்றார். சில நாட்டுல அந்தச் சட்டமே கிடையாது. அவங்ககிட்டே இருந்து இவங்க…"

"அப்பாக்க பேர்ல தப்பு இல்ல அத்தான். நான்தான்…" என்று செண்பகவல்லி ஆரம்பித்தாள்.

தாணுமாலயன் எழுந்து வந்தார். போன் பக்கம் குனிந்து, சுமட்டுக்காரர்களிடம் பேசுகிற சத்தத்தில் பேசினார்.

"மருமவனே, நான் பேசுகேன். நீ வா."

"மாமா, வேலை…"

"விழிஞ்ஞத்துல ஐஸ் கம்பெனி இன்னும் அங்கதான் இருக்கு. மெசின் நாலு நாளைக்கு ஒருக்க நின்னு போவுதுன்னு உனக்க அம்மா சொல்லுகா. நீ வா."

"இத்தனை வருஷம் பாடுபட்டதெல்லாம் வெறுதேயா மாமா?"

தாணுமாலயன் செண்பகவல்லியின் காலைப் பார்த்தார், மழைக்காலத்தில் வலிக்கிற அந்தக் காலை.

"நான் ஒருக்கா இவளைப் பூட்டி வச்சேன். அது எனக்க கிட்டங்கி, எனக்க மதிலு. உயரம் தெரிஞ்சு ஏறிச் சாடிட்டா. இப்ப அவனுவ பூட்டி வச்சிருக்கானுவ. இது எந்த மதிலு, எம்புட்டு உயரம்னு ஒருத்தனும் சொல்லமாட்டேங்கான். ஏற ஏற மேல கல்லு வச்சுக் கெட்டுகான். இவளால ஏற ஒக்காது. நீ அந்தப் பக்கத்துல இருந்து சாடு."

லைன் போய்விட்டதோ என்று பகவதியம்மாள் போனைத் தட்டினாள்.

"அத்தான்," என்றாள் செண்பகவல்லி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த உயரமான அதிகாரி கேட்ட கேள்வி அவள் நாக்கில் வந்து நின்றது. "அப்பா சொல்லுகார்னு வராண்டாம். நான் அழுகேன்னும் வராண்டாம். உங்களுக்கு விருப்பம் உண்டா? உங்களுக்கு மட்டும்?"

பிரஜின் சிரித்தானா அழுதானா என்று ஸ்பீக்கரில் தெரியவில்லை.

"அந்தப் பொங்கலுக்கு அத்தனை செங்கல் சுமந்தது பின்னே யார் கட்டாயப்படுத்தி?" என்றான்.